பெருமுயலின் காது நீளம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் தகராறு அத்தனைக்கும் காரணம் நான் எழுதிய ஒரே ஒரு வாக்கியம்.

அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கூடம் திறக்கப்போகிறார்கள், ஒவ்வொரு எலும்புக்கும் பக்கத்தில் மாட்ட விளக்கப் பலகை எழுத ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டது அக்காதான். பலகைக்கு நாற்பது சொல். அதற்கு மேல் போனால் நின்று படிக்க மாட்டார்களாம். நாற்பது சொல்லுக்குள் நாற்பது லட்சம் ஆண்டுகளை அடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று பார்த்தவரிடமெல்லாம் அலுத்துக்கொண்டேன். உண்மையில் சொகுசான வேலை. எலும்பைப் போய்ப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதில் பதினேழாவது வரி: "ராட்சத முயல். தீவு. எடை பன்னிரண்டு கிலோ. வேட்டை விலங்குகள் கிடையாது." இவ்வளவுதான். வீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு எழுதினேன்:

"பகைவரே இல்லாத தீவொன்றில், சுமார் நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்த ராட்சத முயல் தன் நீண்ட காதுகளை விடைத்துக்கொண்டு துள்ளித் திரிந்தது."

காதும் துள்ளலும் பட்டியலில் இல்லை. அவை என் கைச்சரக்கு.

இயக்குநர் மேடம் அதை இரண்டு முறை படித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "படிக்கும்போதே கண்ணு முன்னாடி நிக்குதுங்க," என்றார். அந்தத் தாளையே உருவம் செய்கிற பட்டறைக்கு அனுப்பி, ஓரத்தில் "இப்படியே செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

பட்டறையில் உருவம் செய்கிறவர் அக்காவின் கணவர். என் மாமா.

(தமிழில் முயல் என்பது ஒரு பிராணி, ஒரு கட்டளையும்கூட. நான் கட்டளையைக் கேட்காமல் பிராணியை எழுதிவிட்டேன். இந்தச் சிலேடையை அடித்துவிடு என்றாள் அக்கா. அடிக்கவில்லை.)

2

இந்தக் கதைக்குத் தொடக்கம் மட்டும் மூன்று எழுதி அக்காவிடம் காட்டினேன். முதலாவது:

"அடித்தளத்து மங்கிய ஒளியில், ஒரு பெண் காலத்தின் கதவைத் தன் ஊசியால் மெல்லத்—"

அக்கா ஓரத்தில் எழுதினாள்: "ட்யூப்லைட் நாலு இருக்கு. கண்ணு கூசும்."

இரண்டாவது தொடக்கத்தில் எனக்கு ரொம்பப் பெருமை:

"கருவியின் இரைச்சலில் பல வருடம் உட்கார்ந்து அவளுடைய இடது காது கேட்காமல் போயிருந்தது. கேட்க வேண்டிய அவசியம் இல்லாததால் காது சிறுத்துப்போன ஒரு முயலின் எலும்பை, காது கேட்காத ஒருத்தி—"

எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இதற்கு ஓரக்குறிப்பு வரவில்லை. போன் வந்தது.

"எனக்கு ரெண்டு காதும் நல்லா கேக்குதுடா. போன வாரம் அடுத்த ரூம்ல உக்காந்து என்னப் பத்தி மாமாகிட்ட நீ சொன்னதும் சேத்துதான் கேட்டுச்சு. கதைக்காக என்ன செவிடாக்காத."

ஆகவே மூன்றாவது தொடக்கம், நடந்ததை நடந்தபடி சொல்வது. இனி என்னைக் கொஞ்சம் ஓரம்கட்டிவிட்டு அக்காவின் பின்னால் போவோம். நடுநடுவே தலையை நீட்டுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் அக்காவின் வேலை, கல்லிலிருந்து எலும்பைப் பிரிப்பது. உருப்பெருக்கிக்கு அடியில் கல்லை வைத்து, காற்றில் அதிரும் பேனா போன்ற ஒரு கருவியால் உதிர்ப்பாள். எலும்பு நெருங்கிவிட்டால் கருவியை வைத்துவிட்டு ஊசியை எடுப்பாள். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் விரல் நகம் அளவுக்கு எலும்பு வெளியே வரும். அங்கே அவளுக்கு ஊசி என்றே பெயர். "ஊசிகிட்ட கேளு", "ஊசி இன்னிக்கு லீவு."

அந்தத் தீவு முயலோடு மட்டும் நாலு வருடம் இருந்தாள். ஒருவருக்கு வாய் திறந்து பேசத் தெரியாவிட்டாலும் நாலு வருடம் கூடவே இருந்தால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும் இல்லையா. அவளுக்குத் தெரிந்தது.

முயல் குலத்தைப் பலர் எலியோடு சேர்த்துவிடுகிறார்கள். அக்காவுக்கு அதில் கோபம் வரும். தூரத்துச் சொந்தம் உண்டு. ஒரே வீடு இல்லை. முயலின் மேல் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிப் பல் சின்னதாக ஒளிந்திருக்கும். எலிக்கு அது கிடையாது. முயலின் முகத்துப் பக்க எலும்பு சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். கல்லுக்குள்ளிருந்து அந்தச் சல்லடை தெரிந்த அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள்.*

* மறக்கவில்லையாம். தள்ளிப்போட்டாளாம்.

ஆனால் இந்த முயல் மற்ற முயல்களைப் போல இல்லை. முதுகெலும்பு குட்டையாக, வளைந்து கொடுக்காமல் இருந்தது. துள்ள வேண்டுமென்றால் முதுகு வில்லாக வளைய வேண்டும். இது வளையாது. கண் குழி சிறியது. மண்டையின் அடியில் காதுக்குள்ளே இருக்கும் எலும்புக் குமிழ், உடம்பின் அளவுக்குப் பார்த்தால் இத்தனூண்டு. அந்தத் தீவில் அதைப் பிடித்துத் தின்ன எதுவும் இல்லை. ஓட வேண்டாம், ஒளிய வேண்டாம், காலடிச் சத்தம் கேட்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக அது கொழுத்தது, மெதுவானது, காது சிறுத்தது.

இதையெல்லாம் பதினோரு பக்க அறிக்கையாக எழுதி மேலே கொடுத்திருந்தாள். காது விஷயம் மூன்றாம் பக்கம். அறிக்கையை ஒருவரும் படிக்கவில்லை. என் வாக்கியத்தை எல்லோரும் படித்தார்கள். எழுதுகிறவனுக்கு இது பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

4

ஒரு நாள் முதுகெலும்பின் அளவைச் சரிபார்க்க அவள் பட்டறைக்கு ஏறிப் போனாள். மாமா ஏணி மேல் நின்று எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், உயரமான மேஜை மேல் பின்னங்கால் இரண்டையும் உந்தி, முன்னங்கால் காற்றில் பறக்க, ஒரு முயல் பாய்ந்துகொண்டிருந்தது. மாமா தேய்த்துக்கொண்டிருந்தது அதன் காதை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருந்தது ஒவ்வொன்றும்.

"என்னங்க இது?"

"முயல்."

"எந்த முயல்?"

"என்ன கேள்வி இது. உன் முயல்தான்."

"என் முயலுக்கு இவ்வளவு பெரிய காது யாரு வெச்சது?"

மாமா ஏணியிலிருந்து இறங்கி, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் படித்தாள். என் எழுத்தை அவளுக்கு எட்டு வயதிலிருந்து தெரியும். எனக்கு எட்டு, அவளுக்குப் பன்னிரண்டு. அங்கேயே நின்று போன் போட்டாள்.

"டேய், காது நீளம்னு உனக்கு யாரு சொன்னது?"

"முயல்தானேக்கா."

"நான் கேட்டது யாரு சொன்னதுன்னு."

"யாரும் சொல்லல."

"துள்ளிச்சுன்னு?"

"அது... ஒரு ஓசைக்காக."

"ஓசைக்காக," என்று திருப்பிச் சொன்னாள், ஏதோ புது வியாதியின் பெயரைக் கேட்டதுபோல. "முயல்கொம்புன்னா இல்லாத பொருள்னு எல்லாருக்கும் தெரியும். நீ கொம்பு வெச்சிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க. காது வெச்சிட்ட பாரு, நம்பிருவாங்க."

போனை வைத்துவிட்டாள்.

மாமா தேய்ப்புத் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக அவர் அங்கே தற்காலிகப் பணியாளர். இந்தக் கூடம் நல்லபடியாகத் திறந்தால் நிரந்தரம் ஆக்கிவிடுகிறேன் என்று மேடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்," என்றார் மாமா. "இந்தக் காத வெட்டினா என் வேலையும் சேந்து வெட்டுப்படும்."

"நாலு வருஷமா அந்த எலும்பத் தொட்டவ நான் ஒருத்திதான். இது இப்படி நின்னா நான் பொய் சொன்னேன்னு அர்த்தம்."

"பலகைல உன் பேரே போடலையே. யாருக்குத் தெரியப்போகுது?"

இந்த ஒரு வாக்கியத்தை மாமா சொல்லாமல் இருந்திருக்கலாம்.

5

(இந்தப் பகுதியை அக்கா படிக்க வாங்கிக்கொண்டு போனாள். திருப்பித் தரவில்லை. அவர்கள் ஒன்பது நாள் பேசிக்கொள்ளாததைப் பற்றியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சீட்டு ஒட்டித்தான் குடும்பம் நடந்தது. என் நினைவில் தங்கிய சீட்டு ஒன்று, அக்காவின் கையெழுத்தில்: "பால் இல்லை. காதும் இல்லை.")

6

இந்த ஒன்பது நாளில் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மேடத்தைப் போய்ப் பார்த்தேன். புது வாக்கியம் கொண்டுபோனேன்: "இந்த முயல் துள்ளவில்லை. மெல்ல நடந்தது."

மேடம் கெட்டவர் இல்லை. முதல் வரைவில் அவரைக் கெட்டவராக்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க வைத்திருந்தேன். அவர் கண்ணாடியே போடுவதில்லை.

"நடந்துச்சா?" என்றார்.

"ஆமாங்க. எலும்பு அப்படித்தான் சொல்லுதாம்."

"தம்பி, போன வருஷம் பாறைக் கூடம் திறந்தோம். எல்லாம் உண்மை. ஒரு எழுத்து பொய் கிடையாது. அதுக்குள்ள வந்தவங்கள்ல பாதிப் பேர் கழிவறை எங்கன்னு கேட்டு வந்தவங்க. இந்தக் கூடமும் அப்படி ஆச்சுன்னா அடுத்த வருஷம் அடித்தளத்தையே மூடச் சொல்லிருவாங்க. உங்க அக்கா எங்க உக்காந்து கல்லு உடைப்பாங்க?"

புது வாக்கியத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"உங்க பழைய வாக்கியம் நல்லா இருக்கு. அதுவே இருக்கட்டும்," என்றார்.

இதைக் கேட்டு மனசுக்குள் ஒரு மூலை குளிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். பலகை அச்சுக்குப் போய்விட்டது.

7

பத்தாம் நாள் காலை அக்கா பட்டறைக்குப் போய், மாமாவிடம் ஒரே வார்த்தை சொன்னாள்: "வாங்க."

அடித்தளத்துப் படிகளில் மாமா இறங்கியதே இல்லை. பதினோரு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்து, ஒரே பேருந்தில் வந்துபோய், மனைவியின் அறையை அவர் பார்த்ததில்லை. மேலே அளவுகள் தாளில் வரும், அவர் உருவம் செய்வார். அவ்வளவுதான் பழக்கம்.

அவரை உருப்பெருக்கியின் முன் உட்கார வைத்தாள். பார்க்கச் சொல்லவில்லை. கையை நீட்டச் சொன்னாள். இடது உள்ளங்கையில் சாதாரணக் காட்டு முயலின் மண்டையைக் கவிழ்த்து வைத்தாள். அதன் அடியில் காதெலும்பு மொச்சைக் கொட்டை மாதிரி புடைத்திருந்தது. வலது உள்ளங்கையில் தீவு முயலின் மண்டை. மூன்று மடங்கு கனம்.

"கண்ண மூடிக்கிட்டு தடவிப் பாருங்க. காது எங்க இருக்கு?"

மாமா கட்டைவிரலால் தடவினார். இடது கையில் உடனே கிடைத்தது. வலது கையில் தேடினார். இன்னும் தேடினார்.

"எங்க?"

"அதாங்க."

அறிக்கை என்றால் மாமாவுக்குத் தூக்கம் வரும். விரலுக்குக் கிடைத்ததை அவர் மறுக்க மாட்டார். முதுகெலும்பு மணிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக் கோத்துப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. ஒரு மணி நேரம் போனது. அக்கா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் இவரையும்.

"இவ்வளவு நாளா என்ன ஏன் கீழ கூப்பிடல?" என்றார்.

"நீங்க ஏன் வரல?"

மாமா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் வாக்கியம் இருந்த தாளின் பின்பக்கத்தில் அளவு குறிக்க ஆரம்பித்தார்.

(இங்கே "அவர்கள் கண்கள் கலங்கின" என்று ஒரு வரி இருந்தது. "கல்லுத் தூசி" என்று எழுதி அடித்திருக்கிறாள்.)

8

அடுத்து வந்த இரண்டு வாரமும் மாமா பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். பின்னங்காலை அறுத்து மறுபடி வைத்தார். முதுகைத் தட்டையாக்கினார். வயிற்றை இறக்கினார். மூடிய வாய்க்குள்ளே, யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், முன்பல்லுக்குப் பின்னால் அந்தச் சின்ன ஜோடியை வைத்தார். திறப்பு விழா அன்று காலை துணி போர்த்திக் கூடத்தில் நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சிறப்பு விருந்தினர், பல் மருத்துவர்கள் சங்கத்தின் தலைவி. ஒலிபெருக்கி முன் நின்று என் பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டே துணியை இழுத்தார்.

"...தன் நீண்ட காதுகளை விடைத்துக்கொண்டு..."

நிறுத்தினார். துணிக்கு அடியில் இருந்தது, தரையோடு தரையாக, நாலு காலில் நின்ற ஒரு மூட்டை. சின்னக் கண். இரண்டு விரல் காது. எந்த அவசரமும் இல்லாத முகம். தலைவி பலகையைப் பார்த்தார். பிராணியைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"இது சாப்பிட்டு முடிச்சிட்டு எந்திரிக்க சோம்பல் பட்ட மாதிரி இல்ல இருக்கு," என்றார்.

கூடம் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. மாமா சுவரைப் பார்த்தார். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, வேலை உடுப்போடு, கையில் ஊசிகூட இல்லாமல், அக்கா முன்னால் வந்தாள்.

"பலகைதாங்க தப்பு. முயல் சரி," என்றாள்.

அப்புறம் அவள் பேசினாள். எலியிடமிருந்து முயல் குலத்தைப் பிரித்துக் காட்டும் இரண்டாவது ஜோடிப் பல், குளிர்ந்த மலைகளில் இன்னும் வாழும் குட்டைக் காதுச் சொந்தக்காரர்கள், தீவுக்கு வந்து பயத்தை மறந்த இந்த ஒன்று. யாரும் கழிவறை கேட்கவில்லை. தலைவி அந்த இரண்டாவது ஜோடி எங்கே என்று கேட்டார். மாமா வந்து, ரப்பரில் செய்த உதட்டோரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்த, வாய் கொஞ்சம் திறந்தது. தலைவி பட்டுப் புடவையோடு தரையில் மண்டியிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார்.

"நாப்பது வருஷமா வாய்க்குள்ள பாக்கறேன்," என்றார். "இப்படி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சு நிக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

விழா முடிந்து மேடம் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரு மாத்தினது?"

"நான்," என்றார் மாமா.

"நான் சொல்லித்தான்," என்றாள் அக்கா.

"வாக்கியம் எழுதினவன் நான், குற்றம் என்னுடையது என்று நானும் முன்னால் வந்து—"

(அக்காவின் குறிப்பு: "நீ அன்னிக்கு வரவே இல்ல. காய்ச்சல்னு சொன்ன." சரி. வரவில்லை. காய்ச்சலும் இல்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நீங்கள் படித்தது இரண்டு பேர் சொன்னதைச் சேர்த்துத் தைத்தது. பட்டுப் புடவை மாமா சொன்னது. அக்கா, பருத்தி என்கிறாள்.)

மேடம் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அனுமதியின்றிக் காட்சிப்பொருளை மாற்றியவரின் கையொப்பம் என்று அதில் ஒரே ஒரு கோடு. "ரெண்டு பேர் போட இடமில்லை," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, சோர்வுதான் இருந்தது என்று இரண்டு பேருமே சொல்கிறார்கள். அக்கா பேனாவைத் தேடிக் கைப்பையைத் திறப்பதற்குள் மாமா பென்சிலால் போட்டுவிட்டார்.

பென்சில் கையெழுத்து செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியோடு மாமாவுக்கு வேலை போயிற்று.

9

கூடத்துக்குக் கூட்டம் வருகிறது. முயலைப் பார்க்க வருகிறார்கள், அதைவிட என் பலகையைப் படிக்க வருகிறார்கள். படித்து, முயலைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரை இடித்துச் சிரிக்கிறார்கள். வேறெந்தப் பலகையையும் இவ்வளவு பேர் முழுசாகப் படித்ததில்லை என்பதால் மேடம் அதை எடுக்க மறுக்கிறார். என் எழுத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய வாசகர் வட்டம் அது. ஒரு முறை நானும் கூட்டத்தோடு நின்று சிரித்தேன். பிறகு வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்களா என்று தெரியவில்லை.

அக்கா காலையில் தனியாகப் பேருந்தில் போகிறாள். மாமா வீட்டில் உட்கார்ந்து, அந்தத் தலைவி தேடிப்பிடித்துக் கொடுத்த வேலையாக, பல் மருத்துவ மாணவர்களுக்குத் தாடை செய்கிறார். வீடெங்கும் தாடை. ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போய் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மேடத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு சுரங்கத்திலிருந்து சில கணுக்கால் எலும்புகள் வந்திருக்கின்றன. ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேலே. முயல் குலத்தின் மிகப் பழைய ஆட்களில் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. பல் இல்லை, மண்டை இல்லை, வேறெதுவும் இல்லை. முழு உருவம் ஒன்று வேண்டும், மாமா திரும்பி வருவாரா என்று கேட்டிருந்தார். தற்காலிகமாகத்தான். அடியில், இந்த முறை கீழே போய்க் கேட்டுச் செய்யலாம் என்று கையால் எழுதியிருந்தார்.

மாமா அதை இரண்டு முறை படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினார்.

"கணுக்கால வெச்சு முழு முயல் எப்படி செய்யறது?"

"செய்ய முடியாது."

"அப்ப வேண்டாம்னு எழுதிரவா?"

அக்கா கடிதத்தை மடித்தாள். என்னைப் பார்த்தாள். "டேய், அந்த டீ டம்ளரையெல்லாம் கொஞ்சம் கழுவிட்டு வா."

போனேன். குழாயைத் திறந்தேன். அவர்கள் பேசுவது கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. நீண்ட நேரம் பேசினார்கள். நடுவில் ஒரு முறை மாமா சிரித்தார். ஒரு முறை நாற்காலி இழுபட்டது. நாலு டம்ளரை எவ்வளவு நேரம்தான் கழுவுவது. இரண்டாம் முறையும் கழுவினேன்.

இந்த இடத்தில் என்னிடம் இரண்டு முடிவு தயாராக இருக்கிறது.

(அ) "அடுத்த திங்கள்கிழமை, பேருந்தில் இரண்டு பேராக—"

(ஆ) "கடிதம் தாடைகளுக்கு நடுவே பல நாள் கிடந்து, கடைசியில்—"

இரண்டையும் என்னால் நன்றாக எழுத முடியும். ஓசையோடு எழுத முடியும். அதனால்தான் நிறுத்திவிட்டேன். எனக்குக் கிடைத்தது ஒரு சிரிப்பும் ஒரு நாற்காலிச் சத்தமும். மீதியைச் சேர்க்க உங்களுக்குத் தைரியம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து பென்சிலால் எழுதுங்கள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது மேஜையைச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். தாடைகளெல்லாம் ஓரத்தில். நடுவில் ஈரக் களிமண் ஒரு உருண்டை. அதன் முன்னால் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, இன்னும் யாரும் அதைத் தொடாமல், பார்த்துக்கொண்டிருந்தார்கள்.